கருவின் உயிரும் அரசியலமைப்பின் ஒரு வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் சேலம் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெண்களின் உடல்நலம், சட்டம் ஆகியவை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த 26 வாரக் கரு வழக்கு இன்னும் என் மனதை விட்டு அகலவில்லை. முதலில் கலைக்க அனுமதி கிடைத்தது. இரண்டே நாளில் அதே அமர்வின் இரு நீதியரசர்களும் வேறு வேறு முடிவுக்கு வந்தார்கள். பிறகு மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. உயிருள்ள கருவின் இதயத் துடிப்பை நிறுத்து என்று எந்த நீதிமன்றம் சொல்லும் என்று நீதியரசர் ஹிமா கோலி கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

உயிர் கருவுற்ற நொடியிலேயே தொடங்கிவிடுகிறது என்பதே என் நம்பிக்கை. கருக்கலைப்புக்குச் சட்டம் வைத்த 20 வாரம், 24 வாரம் என்பதெல்லாம் மனிதர்கள் தம் வசதிக்குப் போட்டுக்கொண்ட கோடுகள். 23 வாரம் 6 நாளில் இல்லாத உயிர் மறுநாள் காலையில் எங்கிருந்து வந்துவிடும்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமையாக்கிய தன் பழைய தீர்ப்பையே 2022இல் ரத்து செய்தது. அயர்லாந்தில் கருவுக்குத் தாய்க்கு நிகரான உயிருரிமை உண்டு என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருந்ததாகப் படித்தேன். நம் அரசியலமைப்பில் உயிருரிமை தரும் 21ஆவது பிரிவிலும் அப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீராதா? எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெண் சிசுக்களுக்கு நேர்ந்த கதியை அறிந்தவன் என்பதால் கேட்கிறேன். கருவுக்கு உரிமை இருந்திருந்தால் ஸ்கேன் பார்த்துக் கலைக்கும் கொடுமை நின்றிருக்கும் அல்லவா? அந்த வழக்கில் நீங்கள் எந்தப் பக்கம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியர், சேலம் மாவட்டம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு வாதத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 24 வாரம் என்பது மனிதர் போட்ட கோடுதான். கருமுட்டையும் விந்தணுவும் சேர்ந்த நொடியில் இருப்பது உயிருள்ள ஒன்று என்பதையும், அது மனித இனத்தைச் சேர்ந்தது என்பதையும் எந்த மருத்துவரும் மறுப்பதில்லை. ஆனால் சட்டத்தின் முன்னால் வந்து நிற்கும் கேள்வி வேறு. அந்த உயிர் தனியாக ஓரிடத்தில் இல்லை. எண்ணமும் நோயும் அச்சமும் குடும்பமும் உள்ள இன்னொரு மனிதரின் உடலுக்குள், அவருடைய ரத்தத்தில், அவருடைய மூச்சில் இருக்கிறது. அதைப் பேணும்படி அவரை அரசு எந்த அளவுக்குக் கட்டாயப்படுத்தலாம், எந்தக் கட்டத்தில் கட்டாயப்படுத்தலாம், அதை யார் முடிவு செய்வது என்பனவற்றுக்கு நீதிமன்றம் விடை சொல்லியாக வேண்டும். உயிர் எப்போது தொடங்குகிறது என்பதற்கு நீங்கள் சொல்லும் விடையை நான் முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அதிலிருந்து விடை கிடைக்காது.

இதை வெறும் தர்க்கமாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்கும் அந்த ஒரு வரியை உண்மையாகவே எழுதி, 35 ஆண்டுகள் அதன்படி நடந்து பார்த்த நாடு அயர்லாந்து. அங்கே என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அயர்லாந்தில் கருக்கலைப்பு முன்பே குற்றமாகத்தான் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் 1861இல் வந்த சட்டம் அதற்கு ஆயுள் தண்டனை வரை விதித்திருந்தது. ஆனால் 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ எதிர் வேட் வழக்கில் கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக அறிவித்ததும், தங்கள் நாட்டு நீதிபதிகளும் ஒருநாள் அப்படிச் செய்துவிடக்கூடும் என்ற அச்சம் அங்கே பரவியது. அதற்கு முன்கூட்டியே அணை போட 1983இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, எட்டாவது திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். பிறவாதவரின் உயிருரிமையை அரசு ஏற்கிறது, தாயின் நிகரான உயிருரிமையையும் உரிய முறையில் கருத்தில்கொண்டு அதைச் சட்டத்தால் பாதுகாக்கும் என்பது அதன் சாரம். வாக்களித்தவர்களில் 66.9 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். இந்த வாசகம் தெளிவற்றது, நினைத்துப் பார்க்காத விளைவுகளைக் கொண்டுவரும் என்று அன்றைய அரசுத் தலைமை வழக்கறிஞர் பீட்டர் சதர்லாந்து அரசுக்கு எச்சரித்திருந்தார். அவர் பேச்சு எடுபடவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1992இல், 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கு வந்தது. தெரிந்த ஒருவரால் வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்றிருந்த அவளைப் பெற்றோர் கருக்கலைப்புக்காக இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்கள். போவதற்கு முன்பு, குற்றவாளியை அடையாளம் காண உதவும் என்றால் கருவின் திசுவை ஆதாரமாக எடுத்துவைக்கலாமா என்று அந்தப் பெற்றோரே காவல் துறையிடம் கேட்டார்கள். நீதி கிடைக்க வேண்டும் என்று கேட்ட அந்தக் கேள்விதான் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. செய்தி அரசுத் தலைமை வழக்கறிஞர் வரை போயிற்று. சிறுமி நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. குடும்பம் சிகிச்சை பெறாமலேயே திரும்பி வந்தது. தற்கொலை செய்துகொள்வேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். உச்ச நீதிமன்றம், தற்கொலை அபாயமும் தாயின் உயிருக்கான அபாயமே என்று சொல்லித் தடையை விலக்கியது. கருக்கலைப்பை ஒரேயடியாகத் தடுக்க எழுதிய வரியே, குறிப்பிட்ட சூழலில் அதை அனுமதிக்கும் வரியாகிவிட்டது. அந்தத் திருத்தத்தை எழுதியவர்கள் விரும்பியது இதுவல்ல. எதிர்த்தவர்கள் விரும்பியதும் இதுவல்ல.

அதே ஆண்டு நவம்பரில் அடுத்த பொதுவாக்கெடுப்பு. கருவின் உரிமை பற்றிய அந்தப் பிரிவு, வேறு நாட்டுக்குப் பயணம் செய்யும் உரிமையைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு புதிய திருத்தம் நிறைவேறியது. ஐயா, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். பிறந்த குழந்தையைக் கொல்வதற்காக அயல்நாடு போகிறேன் என்று ஒருவர் சொன்னால், போய் வா என்று எந்த அரசாவது அரசியலமைப்பில் எழுதிவைக்குமா? கருவும் தாயும் நிகர் என்று முந்தைய வரியில் எழுதிய மக்களே, அடுத்த வரியில் அப்படி இல்லை என்று தங்களை அறியாமல் ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகு கையில் காசு உள்ளவர்கள் கப்பலிலும் விமானத்திலும் இங்கிலாந்து போனார்கள். 2016இல் மட்டும் இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் அயர்லாந்து முகவரி கொடுத்துக் கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்கள் 3,265 பேர். காசில்லாதவர்களும், விசா இல்லாத அகதிகளும், நோயால் படுத்திருந்தவர்களும் போக முடியவில்லை. கடைசியில் அந்த வரியின் முழுப் பாரமும் இவர்கள் மீதுதான் இறங்கியது.

நீதிமன்றங்களும் அந்த வரியை அதன் சொல்லுக்குச் சொல் பின்பற்ற முடியாமல் திணறின. உறைநிலையில் சேமித்த கருக்கள் 'பிறவாதவர்' என்ற சொல்லில் அடங்குமா என்ற வழக்கு 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, அடங்காது என்று தீர்ப்பாயிற்று. உயிர் கருவுற்ற நொடியில் தொடங்குகிறது என்று நம்பி வாக்களித்தவர்களின் நாட்டிலேயே, கருப்பைக்கு வெளியே இருந்த கருவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

சவிதா ஹாலப்பனவார் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கர்நாடகத்திலிருந்து போய் அயர்லாந்தில் குடியேறிய 31 வயதுப் பல் மருத்துவர். 17 வாரக் கர்ப்பிணியாக 2012 அக்டோபர் 21ஆம் தேதி கடும் முதுகு வலியோடு கால்வே பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கரு தங்காது என்பது அன்றே தெரிந்துவிட்டது. மறுநாள் விடிவதற்குள் பனிக்குடம் உடைந்தது. 17 வாரத்தில் பனிக்குடம் உடைந்தால் குழந்தை பிழைக்காது. திறந்துவிட்ட கருப்பைக்குள் கிருமி ஏறுவதற்கு மட்டும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். 23ஆம் தேதி, எப்படியும் தங்கப்போவதில்லை என்றால் இப்போதே எடுத்துவிடுங்கள் என்று சவிதா கேட்டார். கருவின் இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது, தாயின் உயிருக்கு இப்போது ஆபத்து என்று சொல்ல முடியாது, அதனால் சட்டப்படி முடியாது என்று பதில் வந்தது. 24ஆம் தேதி கரு தானாகவே இறந்து வெளியேறியது. அதற்குள் ரத்தம் முழுவதும் கிருமி பரவியிருந்தது. 28ஆம் தேதி அவர் இறந்தார்.

அந்த மரணத்தை ஆராய அயர்லாந்து சுகாதார சேவை அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன். உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் தலைவராக அப்போது இருந்தவர். 2013 ஜூனில் வெளிவந்த அவருடைய அறிக்கை மருத்துவமனையின் தவறுகளை மூடி மறைக்கவில்லை. நோயாளியைக் கண்காணித்ததில் குறை, கிருமித் தொற்றைக் கண்டுகொள்வதில் தாமதம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதியது. அவற்றோடு இன்னொன்றையும் சொன்னது: கருவின் இதயம் நிற்கும் வரை தலையிடக் கூடாது என்பதிலேயே கவனம் குவிந்துவிட்டது, தாய்க்குத் தொற்று ஏறுகிறதா என்று பார்ப்பதில் அந்தக் கவனம் இல்லாமல் போயிற்று. 2017இல் அயர்லாந்து நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்தபோது, சவிதா கேட்ட அன்றே கருவை அகற்றியிருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார் என்றும், மருத்துவர்களின் கையைக் கட்டிப்போட்டது சட்டமே என்றும் அருள்குமரன் வெளிப்படையாகச் சொன்னார்.

எந்த மருத்துவரும் ஒரு பெண் சாக வேண்டும் என்று நினைப்பதில்லை. ஆனால் அரசியலமைப்பில் இரண்டு உயிர்களும் நிகர் என்று எழுதியிருக்கும்போது, படுக்கையருகே நிற்கும் மருத்துவர் காய்ச்சல் அட்டவணையோடு சேர்த்துச் சட்டப் புத்தகத்தையும் பார்க்கிறார். ஆபத்து வரப்போகிறது என்பது போதாது, வந்துவிட்டது என்று காட்டியாக வேண்டும். மகப்பேறு மருத்துவத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே சில மணி நேரங்களே இருக்கும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பர் 3ஆம் தேதி, ஏறத்தாழ 15 வாரக் கர்ப்பிணி ஒருவர் மூளைச்சாவு அடைந்ததாக அறிவிக்கப்பட்டார். ஏற்கெனவே இரண்டு சிறு குழந்தைகளுக்குத் தாய். குடும்பம் இறுதிச் சடங்குக்குத் தயாரானது. மருத்துவர்களோ, கருவுக்கு உயிருரிமை இருப்பதால் கருவிகளை அகற்றச் சட்டம் விடுமா என்று தெரியாமல், இறந்துபோன அந்த உடலைக் கருவிகளின் துணையோடு இயங்கவைத்துக்கொண்டிருந்தார்கள். உடல் சிதையத் தொடங்கிய நிலையிலும் அது நடந்தது. மகளை அமைதியாகப் போகவிடுங்கள் என்று கேட்டு அவருடைய தந்தை நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான், அந்தக் கரு உயிரோடு பிறக்கும் வாய்ப்பே இல்லை என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. வாய்ப்பு கொஞ்சம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் நடுங்குகிறது.

அயர்லாந்து மக்கள் இதிலிருந்து வெளியே வந்த விதம் மதிக்கத்தக்கது. சாதாரணக் குடிமக்கள் 99 பேரைத் தேர்ந்து, நீதிபதி மேரி லஃபோய் தலைமையில் மன்றம் ஒன்றை அமைத்து, மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், இரு தரப்புச் செயல்பாட்டாளர்கள் எல்லோரையும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்க வைத்தார்கள். 2018 மே 25இல் மீண்டும் வாக்கெடுப்பு. 66.4 சதவீதம் பேர் அந்த வரியை நீக்கச் சொன்னார்கள். 1983இல் சேர்க்கச் சொன்னவர்களின் விகிதமும் ஏறத்தாழ அதே அளவுதான். நீக்கிய இடத்தில், கருக்கலைப்பை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றலாம் என்று மட்டும் எழுதினார்கள். 2019 ஜனவரி முதல் 12 வாரம் வரை காரணம் கேட்பதில்லை. அதற்குப் பிறகு தாயின் உயிர், உடல்நலம், பிழைக்க வாய்ப்பில்லாத கரு என்ற குறுகிய காரணங்கள் மட்டுமே. கத்தோலிக்க நம்பிக்கை ஆழமாக வேரூன்றிய நாடு அது. அங்கே நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர்களில், கருவில் இருப்பது உயிர்தான் என்று நம்புகிறவர்கள் நிச்சயம் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அந்த நம்பிக்கையை அரசின் கையில் கருவியாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் அவர்கள் முடிவு செய்தார்கள்.

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோர் இன்னும் ஒரு படி மேலே போனது. கருவுற்ற நொடி முதல் மனித நபரே என்று 1999இல் அரசியலமைப்பில் எழுதியது. மனுவேலா என்ற மாற்றுப் பெயரில் அறியப்படும் ஏழைப் பெண் ஒருவர், பேறுகாலச் சிக்கலால் கருவை இழந்து ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்குப் போனார். அவரைக் காவல் துறையிடம் ஒப்படைத்தார்கள். படுக்கையோடு விலங்கிட்டார்கள். கொலைக் குற்றத்துக்கு 30 ஆண்டு தண்டனை விதித்தார்கள். அவர் 2010இல் புற்றுநோயால் காவலிலேயே இறந்தார். அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2021இல் அந்த அரசைக் குற்றவாளியாக்கித் தீர்ப்பளித்தது. கரு முழு நபர் என்றால், ஒவ்வொரு கருச்சிதைவும் சந்தேக மரணம் ஆகிவிடுகிறது. அந்தச் சட்டம் வேறெங்கே கொண்டுபோய் விடும்?

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2022இல் டாப்ஸ் வழக்கில் ரோ தீர்ப்பு ரத்தானது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு உயிர் எப்போது தொடங்குகிறது என்று சொல்லவில்லை. 1973இல் ரோ தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன், மருத்துவமும் தத்துவமும் இறையியலும் ஒத்த முடிவுக்கு வராத இந்தக் கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்ல முடியாது என்றார். அதை ரத்து செய்த நீதிபதி அலிட்டோவும், பிறப்பதற்கு முந்தைய உயிருக்கு என்ன உரிமை என்ற எந்தக் கருத்தின் மீதும் தம் தீர்ப்பு நிற்கவில்லை என்றே எழுதினார். நேரெதிர்த் தீர்ப்புகளை எழுதிய இருவரும் இந்த ஒன்றில் மட்டும் ஒரே எச்சரிக்கையோடு நடந்துகொண்டார்கள். துணிந்து பதில் சொன்னது அலபாமா மாநில உச்ச நீதிமன்றம். உறைநிலைக் கருக்களும் குழந்தைகளே என்று 2024 பிப்ரவரியில் அது தீர்ப்பளித்ததும், குழந்தையின்மைக்குச் சிகிச்சை தரும் மையங்கள் சில வேலையை நிறுத்தின. குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருந்த பெண்கள் நடுவழியில் நின்றார்கள். அடுத்த மாதமே அந்த மையங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தர மாநில சட்டமன்றம் ஓடோடி வர வேண்டியதாயிற்று.

இனி நம் நாடு. நம் சட்டம் கருவை ஒன்றுமில்லாதது என்று ஒருபோதும் சொன்னதில்லை. முழு நபர் என்றும் சொன்னதில்லை. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவு, கருக்கலைப்புக்கு மூன்றாண்டும், வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழாண்டும் தண்டனை வைத்தது. கரு வளர வளர அதன் மீதான அக்கறையும் கூடும் என்ற எண்ணம் அதிலேயே இருக்கிறது. அதே சட்டம் கருவில் உள்ள சிசுவின் இறப்பைக் கொலையாகக் கருதவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தை இறக்கும்போது கருவில் இருந்த குழந்தைக்கும் சொத்தில் பங்கு தருகிறது. ஆனால் அது உயிரோடு பிறந்தால்தான்.

நம் வீடுகளின் வழக்கமும் இதற்கு மாறானதல்ல. மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லாமல் இருப்போம். ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு நடத்தி, உள்ளே இருக்கும் பிள்ளையை ஊருக்கு அறிமுகம் செய்வோம். இரண்டாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டால் அந்தப் பெண் அழுவாள், வீடே துக்கப்படும். ஆனால் பதினாறாம் நாள் காரியம் செய்வதில்லை. அந்தத் துக்கம் பொய்யானதல்ல. அதே சமயம் பிறந்து வளர்ந்த பிள்ளையைப் பறிகொடுத்த துக்கமும் இதுவும் ஒன்றே என்று நம் பாட்டிமார் யாரும் சொன்னதில்லை. கருவின் மதிப்பு படிப்படியாக உயர்கிறது என்று நம் மக்கள் வாழ்ந்து அறிந்ததைத்தான் வாரக் கணக்கு போட்ட சட்டமும் தன் கரடுமுரடான வழியில் சொல்ல முயல்கிறது. கோடு எங்கே விழ வேண்டும் என்பதில் சண்டை போடலாம். கோடே கூடாது என்றால், ஒரு முனையில் மனுவேலாவின் விலங்கு இருக்கிறது, மறு முனையில் பிறக்கும் தறுவாயில் இருக்கும் குழந்தைக்கும் எந்தப் பாதுகாப்பும் இல்லாத நிலை இருக்கிறது.

நாட்டுமருந்துக்கும் குச்சிக்கும் பலியான பெண்களைக் காப்பாற்ற, சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரைப்படி 1971இல் நம் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. அதில் ஒரு பெரிய குறை உண்டு. அது பெண்ணுக்கு உரிமை தரவில்லை. குற்றத்திலிருந்து மருத்துவருக்கு விலக்கு தந்தது. 2021 திருத்தத்துக்குப் பிறகும் 20 வாரம் வரை ஒரு மருத்துவர், 24 வாரம் வரை சில வகைப் பெண்களுக்கு மட்டும் இரு மருத்துவர்கள், அதன் பிறகு கருவில் கடுமையான குறை இருந்தால் மருத்துவ வாரியம் என்று, எல்லா இடத்திலும் பிறர் நல்லெண்ணத்தையே அவள் நம்பியிருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்ணையும் அந்த 24 வார வரம்புக்குள் கொண்டுவந்தது, மணவாழ்வுக்குள் நடக்கும் வன்புணர்வையும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு ஏற்றுக்கொண்டது. அவை பெரிய முன்னேற்றங்கள்.

பெண் சிசுக்களைப் பற்றி நீங்கள் கேட்டதை மிகுந்த மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மாவட்டத்தில்தான் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. எருக்கம்பாலும் நெல்மணியும் கொடுத்துச் சாகடிக்கப்பட்ட அந்தக் குழந்தைகள் பிறந்தவர்கள். அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு முழுமையாக அவர்களுக்கு உண்டு. அவர்களைக் கொன்றது சட்டப்படி கொலை. முழு உரிமை பெற்றிருந்த குழந்தையையே அந்த வரி காக்கவில்லை என்றால், கருவில் இருப்பவளை எப்படிக் காத்துவிடும்? அந்தக் கொடுமைக்கு வேர், பெண் என்றால் செலவு என்று நினைத்த வரதட்சணைக் கணக்கில் இருந்தது. 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் கைவைப்பது ஸ்கேன் மையத்தின் மீதும், பாலினத்தைச் சொல்லும் மருத்துவர் மீதும்தான். அந்தச் சட்டத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதை ஆதரிக்கக் கருவை முழு நபராக்க வேண்டிய தேவை இல்லை. பெண் பிறக்கவே தகுதியற்றவள் என்ற எண்ணம் வாழும் பெண்கள் அனைவருக்கும் எதிரான பாகுபாடு என்பதே போதுமான காரணம்.

கடைசியாக, அந்த 26 வார வழக்கு. மனுதாரருக்கு 27 வயது, இரண்டு குழந்தைகள். இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு இல்லை. கருவுற்றது தாமதமாகத்தான் தெரிந்தது. பேறுகாலத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். உடலாலும் மனதாலும் பணத்தாலும் இன்னொன்றைத் தாங்க முடியாது என்றார். அக்டோபர் 9இல் நீதியரசர்கள் ஹிமா கோலியும் நாகரத்னாவும் அனுமதித்தார்கள். மறுநாள் எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர், கரு வெளியே வந்தால் பிழைக்கக்கூடிய நிலையில் இருக்கிறது, முதலில் இதயத்தை நிறுத்த வேண்டுமா என்று கேட்டு எழுதினார். அது நேர்மையான கேள்வி. அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. நீதியரசர் கோலி மனம் மாறினார். நீதியரசர் நாகரத்னா, பெண் யோசித்து எடுத்த முடிவை மதிக்க வேண்டும், கருவைத் தாயிடமிருந்து தனித்த ஆளாக இந்தக் கட்டத்தில் வைக்க முடியாது என்று நின்றார். 16ஆம் தேதி அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, 24 வாரம் கடந்துவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தோ கருவில் குறையோ இல்லை என்று மறுத்தது. பேறுகாலச் செலவை அரசு ஏற்கும் என்றும், விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்றும் சொன்னது.

நான் நீதியரசர் நாகரத்னாவின் பக்கம் நிற்கிறேன். மன உளைச்சல் இல்லாமல் நிற்கவில்லை. 26 வாரக் கரு என்பது குழந்தைக்கு மிக அருகில் வந்துவிட்ட ஒன்று என்பதை மறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் தன் மனநோயைப் பற்றியும் தன் இரண்டு குழந்தைகளைப் பற்றியும் அந்தப் பெண் சொன்னதை, அறையில் இருந்த எவரையும்விட அவரே நன்றாக அறிவார். அவரை இன்னும் பல வாரங்கள் சுமக்கச் சொன்னவர்களில் ஒருவரும் அந்தச் சுமையில் பங்கேற்கப்போவதில்லை. மூவர் அமர்வின் முடிவில், சட்டத்தின் எழுத்துப்படி குறை காண்பது கடினம். சட்டம் அப்படி எழுதப்பட்டிருப்பதுதான் என் குறை.

எனவே அரசியலமைப்பில் வரி சேர்ப்பதற்குப் பதிலாக நான் கேட்பவை சிறியவை. முதல் 12 வாரத்துக்குள் காரணம் கேட்காமல் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தச் சிகிச்சை கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைத்தால் 20 வாரத்தைத் தாண்டி வருகிறவர்கள் வெகுவாகக் குறைவார்கள். மருத்துவ வாரியம் மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும் என்று 2021 விதிகளில் இருப்பது மாவட்டம்தோறும் நடக்க வேண்டும், நீதிமன்றம் ஏறினால்தான் வாரியம் கூடும் என்ற நிலை போக வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆவது பிரிவில், தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே என்ற விளக்கம் 1860இலிருந்து ஒரு மாற்றமும் இல்லாமல் அப்படியே வந்திருக்கிறது. முதலில் அந்த விளக்கத்தை நீக்க வேண்டும்.

அன்புடன்.